எரிச்சல் நின்றதற்கு ஸ்தோத்திரம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் நீங்களே அதைக் கண்டுபிடித்து, என்னைவிடப் புத்திசாலி என்று பெருமைப்பட்டுக்கொள்வீர்கள். அந்த இன்பத்தை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை. என் வலது பாதத்தின் நரம்புகள் செத்துப்போனபோது நான் கோயிலில் எழுந்து நின்று, அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். சபையையும் கைதட்ட வைத்தேன். இழவு வீட்டில் கல்யாணப் பாட்டுப் பாடியவர்கள் இருக்கலாம். தன் சொந்தக் காலின் இழவில் பாடியவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வாரநாட்களில் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒரு தடவைதான் மேலே ஏறி வருவார், அதுவும் மழை விட்டால். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை என் தலையில். பிரசங்கத்தில் சனத்தைச் சிரிக்க வைக்காவிட்டால் எனக்குப் பகல் சோறு இறங்காது. அதனால் என் பெயரை மறந்துவிட்டு ‘நக்கல் உபதேசியார்’ என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை நான் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டேன். அது பின்னால் எனக்கு வைத்த ஆப்பைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சீனி வியாதி. வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு பாதமும் எரியும், மிளகாய் அரைத்த கையை அப்பினது மாதிரி. மாதா மாதம் கிளினிக்குக்குப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து குளிசை வாங்கி வருவேன். பக்கத்து லயத்து, அதாவது அடுத்த வரிசை வீட்டுப் பாக்கியம் அக்காவும் அதே வாங்கில் உட்காருவார். கொழுந்து எடுக்கிறவர், புருஷன் இல்லை, பிள்ளைகள் கொழும்பில். அவருக்கும் அதே சீனி, அதே எரிச்சல், அதே குளிசை. கோயிலில் நான் என்ன சொன்னாலும் முதல் ஆமென் அவருடையது. சில சமயம் நான் சொல்லி முடிக்கும் முன்னேயே வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் எழும்பினால் வலது காலில் எரிச்சல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழும்பினேன். எங்கள் சபையில் அது ஒரு வழக்கம். கர்த்தர் செய்த நன்மையை அவரவர் எழும்பிச் சொல்ல வேண்டும். பரீட்சையில் பாஸ், தொலைந்த ஆடு, கொழும்பிலிருந்து மகன் போன் எடுத்தது, எல்லாம் வரும்.

“வருஷக்கணக்கா எரிஞ்ச காலு,” என்றேன். “டொக்டருங்க நிப்பாட்ட முடியாத எரிச்சல். ஆண்டவரு ஒரே ராத்திரியில தண்ணி ஊத்தி அணைச்சிட்டாரு. இந்தா பாருங்க!” என்று வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்தேன். ஒன்றும் தெரியவில்லை. பலகை மிதித்த மாதிரி இருந்தது. அது சுகம் என்று நினைத்தேன்.

பாக்கியம் அக்கா அழுதே விட்டார். “எனக்கும் தருவாரா உபதேசியாரே?”

“விசுவாசிச்சா தருவாரு அக்கா.”

இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெட்டு என் காலில் விழுந்தது. ஆனால் என் வாயில் விழுந்திருக்க வேண்டியது அது.

அந்த வாரமே குளிசையை நிறுத்தினேன். சுகம் கொடுத்தவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே! என் மனைவி செல்வராணி கேட்டாள்: “கிளினிக்குக்குப் போகலியாங்க?”

“சுகமா இருக்கிறவனுக்கு வைத்தியன் எதுக்கு? வேதத்திலயே இருக்கு.”

“சுகமா இருக்கிறதா யாரு சொன்னது? வேதமா, நீங்களா?”

பிரசங்கிமார் மனைவியிடம் விவாதிப்பதில்லை. தோற்றுவிடுவோம்.

அந்த மழைக்காலத்தில் வீட்டு ஜெபங்களில் நான் ஒரு தொடர் எடுத்திருந்தேன். ஆண்டவர் கூட்டத்தோடு பேசியது அல்ல, ஒவ்வொரு ஆளோடும் தனியாகப் பேசியது. கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு, வழியோரத்துக் குருடனோடு, சமையல்கட்டில் மார்த்தாளோடு. நல்ல தலைப்பு. நான் அதை நாடகமாக்கினேன். குளத்தங்கரையில் முப்பத்தெட்டு வருஷமாகப் படுத்திருந்தவனிடம் அவர் ‘உனக்குச் சுகமாக விருப்பமா’ என்று கேட்கிறார். அவனோ ஆம் என்று சொல்லாமல், என்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை, எனக்கு முன்னே இன்னொருத்தன் இறங்கிவிடுகிறான் என்று புலம்புகிறான். நான் பாயை விரித்துப் படுத்து அவனைப் போலவே மூக்கால் அழுது காட்டுவேன். “ஆமான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா, காசா கேக்குறாங்க?” என்பேன். லயமே சிரிக்கும்.

மார்த்தாள் கதையை எங்கள் லயத்து அறையில், எங்கள் காம்பராவில் வைத்தே சொன்னேன். பானை கழுவுகிறவளைவிட, ஆண்டவரின் பாதத்தில் உட்கார்ந்து கேட்ட அவள் சகோதரி மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று நான் முழங்கியபோது, அடுப்படியில் செல்வராணி வந்தவர்கள் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்று என் கோப்பையில் மட்டும் சீனி இல்லை. வியாதிக்காக என்று நினைத்தேன்.

குளத்தங்கரைக் கதையை நான் நடித்தது பாக்கியம் அக்காவின் லயத்தில். மழை. ரோட்டைச் சுற்றாமல் தேயிலைக்குள்ளால் குறுக்கே இறங்கிப் போனேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நடந்து நடந்து பிரசங்கம். பாதியில் பாக்கியம் அக்கா கையை உயர்த்தினார்.

“உபதேசியாரே, ரத்தம்.”

சீமெந்துத் தரையில் நான் போன இடமெல்லாம் சிவப்புக் காலடி. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு அட்டை, குடித்துக் குடித்துத் திராட்சைப்பழமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“நோகலியா?”

“நான்தான் சாட்சி சொன்னேனே அக்கா. நமக்கு நோவே கெடயாது. ஆண்டவருக்காக ரத்தம் சிந்துறேன், எழுதிக்கங்க.”

மறுபடி சிரிப்பு. மறுபடி ஆமென்.

அட்டைக் கடிக்கு எங்கள் மலையில் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: வெற்றிலைச் சுண்ணாம்போடு புகையிலையைக் குழைத்து அப்புவது. சுரீர் என்று பிடிக்கும். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்திருந்து கழுவிவிடுவார்கள். அதற்கு மேல் யாராலும் தாங்க முடியாது, அந்தத் தாங்க முடியாமைதான் தோலைக் காப்பாற்றுகிறது. நானும் அப்பினேன். பிடிக்கவில்லை. ‘சுண்ணாம்பு பழசு’ என்று இன்னும் அப்பினேன். துணியால் சுற்றிக்கொண்டு தூங்கினேன். காலையில் அதன் மேலேயே இரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மறுநாளும். சுண்ணாம்பு தோலைத் தின்று, சதையைத் தின்று, சாவகாசமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரன் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பிரசங்கத்துக்குப் போயிருந்தான்.

கொஞ்ச நாளில் காம்பராவில் ஒரு நாற்றம். “எலி செத்துக் கெடக்கு,” என்றாள் செல்வராணி. தேடினோம். அரிசி மூட்டையை நகர்த்தினோம், அடுப்புக்குப் பின்னால் குச்சி விட்டுக் குத்தினோம், நான் மேசையில் ஏறிக் கூரைத் தகரத்துக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை. ஆனால் நான் எந்தப் பக்கம் போனாலும் எலியும் அந்தப் பக்கம் வந்தது. கடைசியில் செல்வராணி தேடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“உக்காருங்க. அந்தத் துணிய அவுங்க.”

அவிழ்த்தேன். பெருவிரல் கறுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பற்றி நீங்கள் சாப்பிட்ட பிறகு வாருங்கள், சொல்கிறேன். செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையில் என் நல்ல சாரமும் துவாயும் இருந்தன. “கெளம்புங்க,” என்றாள். அழுதிருந்தாள். “எலி கெடச்சிருச்சி.”

பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முச்சக்கரவண்டிக்காரர் குளிரோடு குளிராக இரண்டு பக்கத்துத் திரையையும் சுருட்டிவிட்டு ஓட்டினார். மரியாதையான மனிதர், காரணம் சொல்லவில்லை. அங்கே ஒரு வாங்கிலிருந்து இன்னொரு வாங்குக்கு நகர்ந்து நகர்ந்து போனோம். நான் உட்கார்ந்த வாங்கில் மட்டும் இடம் தாராளமாக இருந்தது. மோசேக்குச் செங்கடல் விலகின மாதிரி என்று செல்வராணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். என் மூத்த மகளின் வயது இருக்கும். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலோன் இழையைக் கையில் எடுத்தார்.

“கண்ணை மூடுங்கோ ஐயா. இது காலிலை படேக்கை ‘ம்’ எண்டு சொல்லுங்கோ.”

எனக்குப் பரீட்சை என்றால் பாஸாகிவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளத்தில் “ம்… ம்… ம்…” என்று சொன்னேன். கொஞ்ச நேரம் போனது.

“கண்ணைத் திறவுங்கோ.”

திறந்தேன். டொக்டர் இழையை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். செல்வராணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் இன்னும் துடங்கவே இல்லை,” என்றார் டொக்டர்.

பிறகு கேட்டார்: “முந்தி எரிஞ்சதோ?”

“எரிஞ்சிச்சி டொக்டர். பெறகு ஆண்டவர் கிருபையில நின்னுருச்சி.”

“குளிசையை எப்ப நிப்பாட்டினனீங்கள்?”

நான் விசுவாசத்துக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். இரண்டும் எதிரிகள் அல்ல, ஆனாலும் சில வேளை, எங்கள் சபைப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றால்… அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் அதே குரலில், “சரி ஐயா. குளிசையை எப்ப நிப்பாட்டினனீங்கள்?” என்றார்.

அப்போதுதான் எனக்குச் சமாரியப் பெண் ஞாபகம் வந்தாள். ஆண்டவர் அவளுடைய வீட்டு விஷயத்தைத் தொட்டவுடன் அவள் என்ன செய்கிறாள்? எந்த மலையில் தொழுவது சரி, உங்கள் மலையா எங்கள் மலையா என்று சமய விவாதத்தைத் தொடங்கிவிடுகிறாள். புண்ணைத் தொட்டால் தத்துவம் பேசுவது. பிரசங்கத்தில் அதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்தவன், அன்று ஒரு கால் அழுகி நாறும்போது டொக்டருக்கு மலையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். இரத்தத்தில் கூடின சீனி, முதலில் கால் நுனியில் இருக்கிற சின்ன நரம்புகளைத்தான் கெடுக்குமாம். கெடுகிறபோது நரம்பு கத்தும். அந்தக் கத்தல்தான் எரிச்சல்.

“எரியிற வரைக்கும் நரம்பு உயிரோடை இருக்கு. மருந்து, கட்டுப்பாடு இல்லாமல் எரிச்சல் தானா நிண்டால் அது சுகம் இல்லை ஐயா. செத்தவீடு.”

செல்வராணி அப்போதும் சுவரைத்தான் பார்த்தாள்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் தலவாக்கலைப் பக்கம் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. அவருக்கும் சீனி. இடது காலை முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். நான் உபதேசியார் என்று சொல்லிக்கொண்டு படுக்கையில் ஏறினதும் என் காலை ஒரு சாமான் வாங்குகிறவரைப் போலப் பார்த்தார்.

“வலதா? நல்லதாப் போச்சி. எனக்கு எடது. நீங்க என்ன அளவு உபதேசியார்?”

“என்ன அளவு?”

“செருப்பு. எனக்கு ஒரு சோடி புதுசு ஈக்கி. எடது சும்மா கெடக்கு. ஒங்கட வலதையும் எடுத்தாங்கன்னா, ஒரு சோடி ரெண்டு பேருக்கும் சரி.”

“எனக்கு விரல மட்டுந்தான் எடுக்கப் போறாங்க நானா.”

“அப்பிடித்தான் தொடங்குற. மொதல்ல விரலக் கேப்பாங்க. பெறகு வாசப்படி வாசப்படியா மேல வருவாங்க.”

அவர் சொன்னபடியே நடந்தது. முதலில் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். செத்த சதையைச் சுரண்டி எடுத்துக் கழுவினார்கள். அதை ஒவ்வொரு முறை செய்யும்போதும் நர்ஸ் மிஸ்ஸி சிங்களமும் தமிழுமாக “ரிதெனவத, வலிக்குதா?” என்று கேட்பார். நான் இல்லை என்பேன். என் முகத்தைப் பார்த்து அவருடைய முகம் வாடும். வலிக்கவில்லை என்றால் பாவப்படுகிற ஒரே இடம் அந்த ஆஸ்பத்திரி வாட்டுத்தான். எதிர்க்கட்டில் கிழவருக்கு அதே கழுவல், ஐயோ அம்மா என்று கூரை அதிரும். மிஸ்ஸி அவரைத் தட்டிக்கொடுத்து, “ஹொந்தாய், ஹொந்தாய், நல்லது,” என்று சிரிப்பார். அவருக்குக் கால் பிழைக்கும் என்று அர்த்தம். ஒரு மனிதனின் அலறலைக் கேட்டு நான் பொறாமைப்பட்டது வாழ்க்கையில் அப்போதுதான்.

படுத்துக் கிடந்தபோது யோசிக்க நிறைய நேரம். வழியோரத்துக் குருடனைப் பற்றி யோசித்தேன். அவன் குருடன் என்று ஊருக்கே தெரியும். இருந்தும் ஆண்டவர், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்கிறார். ‘கண்ணு தெரியாதவன்கிட்டப் போய் கேக்குற கேள்வியப் பாருங்க’ என்று அதற்கும் நான் ஒரு காலத்தில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். இப்போது என் கட்டிலைச் சுற்றிப் பெரிய டொக்டரும் படிக்கிற டொக்டர்மாரும் நின்று என் காலைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவார்கள். காலுக்கு மேலே ஒரு ஆள் ஒட்டிக்கொண்டிருப்பது அவர்களுக்கு இடைஞ்சல். அவர்கள் போன பிறகு நானாதான் கேட்டார்: “என்ன வேணும் உபதேசியார்?”

எனக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒற்றைக் காலோடு அவர் எழும்பி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திருப்பிவிட்டார். வெளியே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருட ஊழியத்தில் நான் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. எனக்குப் பதில் முன்னாலேயே தெரிந்திருந்தது, அதுதான் காரணம்.

செல்வராணி காலையில் கொழுந்து வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வருவாள். சோற்றுப் பார்சல் சூடு ஆறாமல் இருக்கச் சால்வைக்குள்ளே வயிற்றோடு கட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் என் மலச்சட்டியைக் கழுவிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“மார்த்தா கழுவிட்டா,” என்றாள். “மரியாள் எங்க, ஒங்க பாதத்துல குந்திக்கிட்டிருந்தாளே? நாத்தத்துக்கு ஓடிட்டாளா?”

நானா போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பகுதிக்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் கேட்டதில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. டொக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேசுகிற டொக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை.

“ஐயா, நஞ்சு மேலை ஏறுது. முழங்காலுக்குக் கீழை எடுத்தால் ஆளைக் காப்பாத்தலாம். எடுக்காட்டி ஏலாது. உங்களுக்குச் சம்மதமோ?”

“டொக்டர், நான் ஒரு மாசத்துக்கு முந்தியே வந்திருப்பேன். கொண்டுவந்து விட ஆளில்ல. வேலயில லீவு தரல. மழை வேற. அந்தச் சுண்ணாம்பு பழசுன்னு…”

நானே கேட்டேன், என் குரலை. மூக்கால் வந்தது. நான் பாயில் படுத்து நடித்த அதே குரல், அதே இழுவை. அங்கே சிரிப்பதற்கு லயம் இல்லை. டொக்டர் காத்திருந்தார். அந்தக் குளத்தங்கரை மனிதன் ஏன் ஆம் என்று சொல்லவில்லை என்று எனக்கு அன்று விளங்கியது. ஆம் என்று சொன்னால் எழும்ப வேண்டும். பாய் பழகிவிட்டது. குற்றம் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். அவனுடைய புலம்பலை எல்லாம் ஆண்டவர் பொறுமையாகக் கேட்டார் என்பதை நான் பிரசங்கத்தில் சொன்னதே இல்லை. சிரிப்பு வராது என்று விட்டுவிட்டேன்.

“ஆமா டொக்டர்,” என்றேன்.

வெட்டுகிறதற்கு முந்தின நாள் சபை பார்க்க வந்தது. கட்டிலைச் சுற்றி நின்று பாடி, வாட்டையே ஆராதனைக்குள் இழுத்துவிட்டார்கள். முன்வரிசையில் பாக்கியம் அக்கா. முகம் பூவாக மலர்ந்திருந்தது. குனிந்து என் காதில் சொன்னார்:

“ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன் உபதேசியாரே. எனக்கும் நின்னுருச்சி! எடது காலு. எரிச்சலே இல்ல. நீங்க சொன்ன மாதிரியே விசுவாசிச்சேன். குளிசையெல்லாம் அடுப்புல போட்டுட்டேன்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அக்கா, அது சுகமில்ல! நரம்பு செத்துருச்சி! இன்னக்கே, இப்பவே அந்த டொக்டர்கிட்டக் காலக் காட்டுங்க. என் காலப் பாருங்க, இதுவும் அப்பிடித்தான் நின்னுச்சி!”

பாக்கியம் அக்கா என்னையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

“பாருங்கடி, காலப் பறிகுடுக்கப் போற நேரத்துலயும் நம்ம உபதேசியாருக்கு நக்கல் போகல!”

“சத்தியமா அக்கா!”

“போதும் போதும், வயிறு நோகுது.”

பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது. சிரித்துக்கொண்டே போனார்கள். நான் இத்தனை வருடம் பாடுபட்டு வளர்த்த சபை அது. நான் எதைச் சொன்னாலும் சிரிக்கும்.

செல்வராணியைப் பாக்கியம் அக்காவிடம் அனுப்பினேன். போய்ச் சொன்னாள். “ஒங்க வீட்டுக்காரருக்குப் பதிலா எனக்குக் கெடச்சிருச்சேன்னு பொறாமயா செல்வராணி?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

மயக்கம் தெளிந்து வாட்டுக்குத் திரும்பியபோது பக்கத்துக் கட்டில் விரிப்பு மாற்றிக் கிடந்தது. மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் கட்டிலைக் காட்டினேன். மிஸ்ஸி சிரித்தார். நானா சுகமாக வீட்டுக்குப் போய்விட்டாராம். என் கட்டில் காலடியில், முன்பு என் வலது பாதம் இருக்கும் இடத்தில், பத்திரிகையில் சுற்றி ஒரு புது இடது செருப்பு. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அளவு சரி. விழுந்து விழுந்து சிரித்தேன். அது எப்போது அழுகையாக மாறியது என்று செல்வராணியைத்தான் கேட்க வேண்டும். அவள் இல்லாத பாதத்தின் இடத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

இல்லாத பாதம் இப்போது எரிகிறது. கேட்டால் சிரிப்பீர்கள். வெட்டின பிறகும் மூளை அந்தக் காலைத் தேடுமாம், சிலருக்கு அப்படி வரும் என்று டொக்டர் சொன்னார். இருந்தபோது எரியாத கால், போன பிறகு எரிகிறது. இதற்கு எந்த ஞாயிறு எழும்பி ஸ்தோத்திரம் சொல்வது?

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறே ஊன்றுகோலோடு கோயிலுக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழும்பினேன். நான் அன்று சொன்னது பொய்ச் சாட்சி, எரிச்சல்தான் கடவுள் கொடுத்த காவல்நாய், அது குரைப்பதை நிறுத்தினால் திருடன் விஷம் வைத்துவிட்டான் என்று அர்த்தம், குளிசையைப் போடுங்கள், காலை டொக்டருக்குக் காட்டுங்கள் என்றேன். நாய் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. பிறகு இருமல். முதல் தடவையாக என் பேச்சுக்கு ஆமென் விழவில்லை. பாக்கியம் அக்கா கோயிலுக்கே வரவில்லை.

ஆராதனை முடிந்து அவருடைய லயத்துக்குப் போனேன். அந்த இறக்கத்தில் ஒற்றைக் காலோடு இறங்குவது இன்னொரு கதை. இரண்டு தரம் உட்கார்ந்தே இறங்கினேன். அக்கா காம்பரா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். இடது காலை நீட்டியிருந்தார். பெருவிரலுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு, தடிப்பாக, காய்ந்து வெடித்து.

“அட்டை கடிச்சிச்சா அக்கா?”

“முந்தாநேத்து.”

“பிடிக்கலியா?”

“இல்லியே,” என்று சிரித்தார். “நமக்குத்தான் நோவே கெடயாதே.”

என் வாயில் ஒரு முழுப் பிரசங்கம் வந்து நின்றது. விழுங்கினேன். கோலைச் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் அவருக்குக் கீழே உட்கார்ந்தேன். சாரத்தைத் தூக்கி, கட்டுப் போட்ட மொட்டைக் காலைக் காட்டினேன். சந்தேகப்பட்ட தோமாவுக்கு ஆண்டவர் தன் காயத்தைக் காட்டினார் அல்லவா, தொட்டுப் பார் என்று. அக்கா கையை நீட்டித் தொட்டார். மெதுவாக, பாவமாக, குழந்தையின் தலையைத் தொடுகிற மாதிரி. கண் கலங்கிற்று. எனக்கு நம்பிக்கை வந்தது.

கேலி இல்லாமல், கதை இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

“அக்கா, ஒங்களுக்குக் காலு வேணுமா?”

என் மொட்டைக் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சாரத்தை இழுத்து அதை மூடிவிட்டார்.

“ஒங்களுக்கு விசுவாசம் பத்தல உபதேசியாரே.”